வாயிலுக்கு வரும் கடைத்தெரு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் ஆண்டுதோறும் கற்றறிந்த சான்றோர் ஏறி, இலக்கிய விருந்து படைப்பது வழக்கம். மெட்ரிக் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதிக் காலம் கழிக்கும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இங்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். செயற்குழுவினர் இவ்வாண்டு, "வீட்டுக்கு உதவும் விஷயமாக ஒரு பேச்சு இருக்கட்டும், கைப்பேசி வழியே பொருள் வாங்குவதைக் குறித்துப் பேசுங்கள்" என்று பணித்தனர். காலனியில் இதனால் பயன் அடைந்தோரும் உளர். பணம் இழந்தோரும் உளர். இழந்தோர் பட்டியலில் எங்கள் குடும்பமும் உண்டு என்பதே இப்பேச்சுக்கு எங்களுக்குள்ள ஒரே தகுதி.

நம் முன்னோர் இந்தக் கரக்பூருக்கு வந்த நாளில், நம் ஊர்ப் பொருள் எதுவும் இங்கே எளிதிற் கிடைத்ததில்லை. விடுமுறைக்கு ஊர் சென்றவர் சென்னை மெயிலில் திரும்பும்போது, காலனியில் பாதிப் பேர் நிலையத்திலே காத்திருப்பர். சாக்கு மூட்டையிலிருந்து புழுங்கல் அரிசியும், சுண்டைக்காய் வற்றலும், அப்பளக் கட்டும், கோல மாவும் இறங்கும். காப்பிப் பொடி தீர்ந்துவிட்டால் அடுத்தவர் ஊர் போய்வரும் வரையில் பொறுத்திருக்க வேண்டியதுதான். கோல் பஜாரில் தேடினாலும் சிக்கரி கலந்த அந்த மணம் அகப்படாது.

அந்நாளிலும் தொலைவிலிருந்து பொருள் வரவழைக்கும் வழி ஒன்று இருந்தது. அதுவே வி.பி.பி. என்னும் அஞ்சல் முறை. விளம்பரத்தைக் கண்டு ஓர் அஞ்சலட்டை எழுதினால், கைக்கடிகாரமோ, தைலமோ, புத்தகமோ அஞ்சற்காரர் கையில் வந்து சேரும். பணத்தைக் கொடுத்த பின்னரே கட்டைப் பிரிக்கலாம். பிரித்துப் பார்த்தால் கடிகாரத்துக்குப் பதிலாக மரக்கட்டை இருந்த கதைகளை நம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே, "கண்ணாற் காணாத கடையில் வாங்கலாமா?" என்னும் கவலை இன்று பிறந்ததன்று. அதற்கு வயது நூற்றுக்கு மேல்.

இன்று அக்கடை கைப்பேசிக்குள் வந்து அமர்ந்துவிட்டது. இரயில்வேயிலே பணிபுரியும் நமக்கு இது முற்றிலும் புதியதும் அன்று. 2002ஆம் ஆண்டிலேயே இணைய வழியாகப் பயணச்சீட்டு விற்கும் ஏற்பாடு தொடங்கிவிட்டது. "சன்னலுக்கு முன் நிற்காமல் வாங்கிய சீட்டு செல்லுமா?" என்று அன்று ஐயுற்றவர்கள் இன்று வீட்டிலிருந்தே சீட்டு எடுக்கிறார்கள். பழக்கமும் விதிமுறையும் சேர்ந்தபோது அந்த அச்சம் நீங்கியது.

இனி எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுகிறோம். சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டுப் பூஜைக் காலம். இல்லத்தரசிக்கு மாவரைக்கும் கிரைண்டர் ஒன்று வேண்டுமென்று நெடுநாள் ஆசை. கடையில் ஐயாயிரம் ரூபாய் விலையுள்ள மேசைக் கிரைண்டர், கைப்பேசி விளம்பரத்தில் 1,499 ரூபாய் என்று வந்தது. "இன்னும் பத்து நிமிடமே உள்ளது" என்று ஒரு கடிகாரம் வேறு பின்னோக்கி ஓடியது. பணத்தைச் செலுத்தினோம். பத்து நாளாயிற்று, பதினைந்து நாளாயிற்று, பொருள் வரவில்லை. அக்கடையின் உதவி எண்ணை இணையத்தில் தேடினோம். முதலில் கண்ணில் பட்ட எண்ணுக்குப் பேசினோம்.

மறுமுனையில் பேசியவன் முதலில் இந்தியில் தொடங்கினான். நம் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான். "அக்கா, நீங்க கவலைப்படாதீங்க" என்றான். அவையோரே! ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழும் நமக்கு அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் மொழி பேசுகிறவன் நம்மை ஏமாற்ற மாட்டான் என்று நெஞ்சம் தானாகவே நம்பிவிட்டது. பணத்தைத் திருப்பித் தர ஒரு செயலியைக் கைப்பேசியில் ஏற்றச் சொன்னான். ஏற்றினோம். நம் திரையில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரியும்படி செய்யும் செயலி அது என்பதை அறியோம். "சரிபார்ப்பதற்கு இரண்டு ரூபாய் அனுப்புங்கள்" என்றான். அனுப்பினோம். ஒரு நாழிகைக்குள் இரண்டு தவணையாக 38,000 ரூபாய் கணக்கிலிருந்து போய்விட்டது. அது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கிய தொகை.

பிறகு நாங்கள் செய்த தவறுதான் பெரியது. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. "தினந்தோறும் பிறர் பார்சலைக் காக்கும் குமாஸ்தா தன் பணத்தைக் காக்கத் தெரியாமற் போனான்" என்று காலனியில் நகைப்பார்களே என்ற வெட்கம். வீட்டுக்குள்ளேயும் ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டு இருந்தோம். மூன்றாம் நாள்தான் புகார் செய்தோம். அதற்குள் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிட்டது. கடைசியாகக் கைக்கு மீண்டது 6,200 ரூபாய். மகளின் கட்டணத்தைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டினோம். அத்தவணை இன்றும் மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது.

அதன் பின், "இனிக் கைப்பேசியில் எதுவும் வாங்குவதில்லை" என்று உறுதி பூண்டோம். அவ்வுறுதி நான்கு மாதம் நின்றது. கும்பகோணத்தில் தனியே இருக்கும் மாமியாருக்கு இடுப்பில் அடிபட்டு, நடப்பதற்குச் சட்டம் ஒன்று உடனே தேவைப்பட்டது. அங்கே அலைந்து வாங்கித் தர ஆள் இல்லை. இங்கிருந்து போக விடுப்பும் இல்லை. மகள்தான் துணிந்தாள். நம்பகமான கடையில் தேடி, முறைப்படி வாங்கி, பாட்டியின் வீட்டுக்கே அனுப்பினாள். மூன்றாம் நாள் பாட்டி அதைப் பிடித்து நின்றதைப் படத்தில் கண்டோம். அன்றுதான் ஓர் உண்மை விளங்கிற்று. வண்டியில் திருட்டு நடக்கிறது என்பதற்காகப் பிரயாணத்தை யாரும் நிறுத்துவதில்லை. பெட்டியைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு பிரயாணம் செய்கிறோம். இங்கும் அம்முறையே தக்கது.

ஆகவே, நம் மக்கள் பொதுவாகக் கொள்ளும் கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதற் கவலை: அக்கடை மெய்யான கடைதானா?

இணைய முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்று பலர் கருதுகின்றனர். அது முத்திரையிட்ட உறையைப் போன்றது. வழியில் பிறர் பிரித்துப் படிக்க இயலாது என்பதற்கு மட்டுமே அது சான்று. உறையைப் பெற்றுக்கொள்பவன் யோக்கியன் என்பதற்குச் சான்று அன்று. மோசக்காரனும் அம்முத்திரையை வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். ஆகையால், முகவரியை முழுதும் படிக்க வேண்டும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இறுதியாக நிற்கும் பெயரே உரிமையாளரைக் காட்டுவது. முன்னால் எந்தப் பெரிய கடையின் பெயரை ஒட்டியிருந்தாலும் அது பொருட்டன்று. பார்சலின் மேல் எத்தனை ஊர்ப் பெயர் எழுதியிருந்தாலும், சேரும் நிலையம் எது என்று பார்ப்பதுதானே எங்கள் வழக்கம்!

வங்கிகளைப் பொறுத்தவரை இன்னும் ஓர் எளிய அடையாளம் வந்துள்ளது. ரிசர்வ் வங்கி, 2025 அக்டோபர் 31ஆம் தேதிக்குள் வங்கிகளெல்லாம் தம் இணைய முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்றிக்கொள்ளப் பணித்தது.

மேலும், 2020ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையக் கடை தன் சட்டப் பெயரையும், முகவரியையும், குறைகேட்கும் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். ஒரு கைப்பேசி எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லாத கடையை விட்டு விலகுவதே நன்று. உதவி எண் வேண்டுமாயின் அக்கடையின் செயலிக்குள்ளேயே தேடுக. பொதுத் தேடலில் வரும் எண்ணை நம்பியே நாங்கள் கெட்டோம்.

பின்னோக்கி ஓடும் கடிகாரத்தைக் கண்டு மயங்க வேண்டா. இல்லாத அவசரத்தைக் காட்டுதல், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்தல், கடைசியில் கட்டணத்தை ஏற்றுதல் முதலிய 13 வகைச் சூழ்ச்சிகளை மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பெயர் சுட்டித் தடுத்துள்ளது.

இரண்டாம் கவலை: வங்கிப் பணம் முழுதும் போய்விடுமோ?

இங்கே நாம் அறிய வேண்டிய பாதுகாப்புகள் சில உள. 2022 அக்டோபர் 1 முதல், நம் அட்டை எண்ணைக் கடைகள் தம்மிடம் சேமித்து வைத்தல் ஆகாது. அதற்குப் பதிலாக 'டோக்கன்' என்னும் மாற்றுக் குறியையே வைத்துக்கொள்ளலாம். அட்டையை இணைய வாங்கலுக்குத் திறக்கவும் மூடவும், செலவுக்கு உச்ச வரம்பு வைக்கவும் வங்கிச் செயலியிலேயே வசதி உண்டு. வாங்கும்போது திறந்து, வாங்கியதும் மூடிவிடலாம். சம்பளக் கணக்கை எங்கும் இணைக்காமல், சிறு தொகை உள்ள வேறொரு கணக்கை இதற்கென வைத்துக்கொள்வது இன்னும் நலம். கடைத்தெருவுக்குச் செல்லும்போது பீரோவைத் தூக்கிக்கொண்டா செல்கிறோம்? பணப்பையைத்தானே எடுத்துச் செல்கிறோம்!

யூ.பி.ஐ. முறையில் ஒன்றை மட்டும் மனத்தில் ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின் எண் என்பது பணம் கொடுப்பதற்கு உரியது. பணம் பெறுவதற்குப் பின் எண்ணும் வேண்டா. கட்டக் குறியைப் படமெடுக்கவும் வேண்டா. "உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், பின் எண்ணைப் போடுங்கள்" என்று ஒருவன் சொன்னால், அவன் திருடன் என்று அக்கணமே அறிக. அவ்வாறே, பிறர் சொற்கேட்டு எந்தச் செயலியையும் ஏற்றாதீர்கள். "பார்சல் நிற்கிறது, முகவரி திருத்தச் சில ரூபாய் கட்டுங்கள்" என்று வரும் குறுஞ்செய்தியின் இணைப்பையும் தொடாதீர்கள்.

ஓ.டி.பி.யைக் குறித்துத் தாய்மார்கள் பலர் குழம்புகின்றனர். "யாருக்கும் சொல்லாதே என்கிறார்கள், பார்சல் கொண்டுவரும் பையனும் கேட்கிறானே?" என்கின்றனர். நல்ல கேள்வி. எண்ணை மட்டும் பாராமல், அத்துடன் வந்த செய்தி முழுவதையும் படியுங்கள். நாம் எதிர்பார்த்த பொருளை ஒப்படைப்பதற்கான எண் என்று இருந்தால், பொருள் கண்முன் இருக்கையில் அவனிடம் சொல்லலாம். தொகையோ, வங்கிப் பெயரோ அச்செய்தியில் இருந்தால் எவரிடமும் சொல்லலாகாது.

மூன்றாம் கவலை: பொருள் மாறி வந்தால், உடைந்து வந்தால் என் செய்வது?

எங்கள் பார்சல் அலுவலகத்து வழக்கம் ஒன்றைச் சொல்லுகிறோம். கட்டு கிழிந்திருந்தாலோ, எடை குறைந்திருந்தாலோ, பொருளுக்கு உரியவர் 'ஓப்பன் டெலிவரி' கேட்கலாம். அலுவலர் முன்னிலையில் கட்டைப் பிரித்து, குறைவைக் குறித்துக்கொண்ட பின்னரே கையொப்பம் இடுவது அம்முறை. ஒன்றும் பாராமல் கையொப்பமிட்டுச் சென்றவர், மறுநாள் வந்து முறையிட்டால் அவர் பக்கம் வலுவிராது. இணையக் கடைகளும் சில பொருள்களுக்கு இவ்வாறு பிரித்துக் காட்டி ஒப்படைக்கும் வசதி தருகின்றன. விலை மிகுந்த பொருளுக்கு அதனையே தேர்ந்தெடுங்கள். இல்லையெனில், முத்திரை உடைபடாத கட்டை முதலில் படமெடுத்து, பிரிக்கும்போது இடைவிடாமல் காணொளி எடுத்து வையுங்கள். நாம் கேளாத பார்சல் பணம் கொடுத்துப் பெறும்படி வந்தால், வீட்டில் அனைவரையும் விசாரித்த பிறகே வாங்குங்கள். இல்லையேல் திருப்பி அனுப்புங்கள்.

பழுதான பொருளையோ, போலிப் பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுத்தல் கூடாது என்று முன் சொன்ன 2020ஆம் ஆண்டு விதிகள் விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பதும் அவ்விதியே. பிரஷர் குக்கர் போன்ற பொருளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், உணவுப் பொருளில் 14 இலக்க உரிம எண்ணும் உண்டா என்று பாருங்கள். முத்திரை எண் மெய்யா பொய்யா என்று சோதிக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியை வைத்துள்ளது.

நான்காம் கவலை: ஏமாந்துவிட்டால் யாரிடம் முறையிடுவது?

இரண்டே எண்கள். இன்றே சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கடையுடன் தகராறு என்றால் 1915, அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பணம் களவு போனால் 1930. அது உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாட்டில் இயங்கும் இணையக் குற்ற உதவி எண். உடன் வங்கிக்கும் தெரிவித்துப் புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஏன் உடனே என்கிறோம்? இரயில்வேயில் சரக்கு அனுப்பும்போது, நட்டம் நேர்ந்தால் இரயில்வேயின் பொறுப்பா, உரியவரின் பொறுப்பா என்று ரசீதிலேயே குறிப்போம். வங்கியிலும் அப்படி ஒரு கணக்கு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, நம் தவறோ வங்கியின் தவறோ இன்றி வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போயிருந்து, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் தெரிவித்தால், நமக்கு நட்டமில்லை என வகுத்தது. ரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான நட்டம் நம்முடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்றும் வகுத்தது. நாங்கள் வெட்கத்தில் மூடிவைத்த இரண்டு நாளின் விலை என்னவென்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

வழக்குத் தொடுக்கவும் தொலைவு செல்ல வேண்டா. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பொருளை விற்றவன் பம்பாயில் இருந்தாலும், நம் மாவட்டத்து ஆணையத்துக்கு அவன் பதில் சொல்ல வேண்டும்.

அவையோரே! ஐந்தாவதாக ஒரு கவலை உண்டு. அதை யாரும் வெளியிற் சொல்வதில்லை. "பிறர் நகைப்பார்களே" என்பதே அது. மற்ற நான்கு கவலைக்கும் சட்டம் இருக்கிறது. இதற்குச் சட்டம் இல்லை. இதற்கு மருந்து நம் கையில்தான் இருக்கிறது. காலனியில் ஒரு வீட்டில் உடல்நலமில்லையென்றால் பத்து வீட்டிலிருந்து கஞ்சி வருகிறது. பணம் களவு போன வீட்டுக்கு மட்டும், "படித்த பெண்ணை வைத்துக்கொண்டு ஏமாந்தீர்களே!" என்ற சொல் வரலாமா? அந்தச் சொல்லுக்கு அஞ்சியே மறைக்கிறார்கள். மறைப்பதனால் களவு கொடுத்தவனுக்கு நட்டம் பெருகுகிறது. அதே வலையில் அடுத்த வீடும் விழுகிறது.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அரைமணி நேரம், நம் இளைஞர் இருவர் சங்கக் கூடத்தில் அமரட்டும். ஓய்வு பெற்ற பெரியவர்களும் தாய்மார்களும் தம் கைப்பேசியைக் கொண்டுவந்து ஐயம் கேட்கட்டும். வந்த போலிச் செய்திகளைக் காட்டி ஒருவரையொருவர் எச்சரிக்கட்டும். இளைஞர்கள் பெரியவர்களின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கித் தாமே செய்து கொடுக்காமல், அவர்களையே செய்யச் சொல்லிப் பழக்கட்டும். அந்தக் கூடத்தில் முதலில் வந்து எங்கள் கதையைச் சொல்ல நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம். ஐந்நூறு ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பொருளையும் ஓர் இரவு கழித்தே வாங்குவது. வாங்குமுன் வீட்டில் இன்னொருவரிடம் காட்டுவது. இல்லத்தரசியின் கிரைண்டரும் அவ்விதமே சென்ற மாதம் வந்து சேர்ந்தது. கட்டைப் பிரிக்கும்போது மகள் காணொளி எடுத்தாள். ரசீதைச் சரிபார்த்தது பார்சல் குமாஸ்தா. மறுநாள் காலையில் வார்த்த இட்டிலியை அண்டை வீட்டாரும் உண்டனர். உண்டவர்களுள் சிலர் இந்த அவையிலும் இருக்கிறார்கள், சாட்சி சொல்வார்கள்.

அந்த இரண்டு எண்களையும் மறவாதீர்கள்: 1915, 1930.